நெவாடாவின் வேற்றுக்கிரக நெடுஞ்சாலை: மூன்று நாள் கார்ப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இது: அக்டோபரில் நான்கு பேர் லாஸ் வேகஸில் இறங்குகிறார்கள், அவர்களில் இருவர் சைவம். வாடகைக் காரில் மூன்று நாள் சுற்றி, ஏரியா 51 என்ற ரகசிய ராணுவ விமானத் தளத்தின் பக்கமுள்ள பறக்கும் தட்டு இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும். நேரம் இருந்தால், 1947-இல் பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்படும் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லையும் சேர்க்க வேண்டும். சாத்தியமா?

முதலில் ராஸ்வெல்லை எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் இரண்டும் ஒரே பாலைவனம் போலத் தெரிந்தாலும், லாஸ் வேகஸிலிருந்து ராஸ்வெல் ஏறக்குறைய 775 மைல். போவதற்கே ஒரு முழு நாள் போய்விடும். நெவாடாவை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்று நாள் தாராளம். அதுவும் ஒரு வட்டமாக அமைகிறது, போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

வட்டம் இப்படி: லாஸ் வேகஸ், அலமோ, கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ், ரேச்சல், வார்ம் ஸ்பிரிங்ஸ், டோனோபா, பீட்டி, அமர்கோசா வேலி, மறுபடி லாஸ் வேகஸ். மொத்தம் சுமார் 465 மைல், அதாவது 750 கிலோமீட்டர். ஏரியா 51-ஐயும் அதைச் சூழ்ந்த ராணுவப் பயிற்சி நிலத்தையும் சுற்றி ஒரு முழு வலம் வருகிறீர்கள். உள்ளே மட்டும் போக முடியாது. இந்தத் திசையிலேயே போங்கள், திருப்பிப் போடாதீர்கள். 375-ஆம் எண் மாநிலச் சாலை வடமேற்காகப் போகிறது. காலையில் கிளம்பினால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். இன்னொரு காரணம் பெட்ரோல். அலமோவில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஆளில்லாத பகுதிக்குள் நுழைவது நல்லது. டோனோபாவிலிருந்து எதிர்த்திசையில் வருபவர்கள் கணக்கைத் தவறவிட்டால் நடு வழியில் பெட்ரோல் போட இடமே இல்லை.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடுவோம், ஏனென்றால் இந்தப் பயணத்தில் கெட்டுப்போகும் விஷயங்களில் முதலிடம் இதற்குத்தான். கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸில் தொடங்கி வார்ம் ஸ்பிரிங்ஸில் முடியும் 375-ஆம் சாலை 98 மைல். அதற்குமுன் அலமோவிலிருந்து 12 மைல், அதற்குப்பின் டோனோபாவுக்கு 50 மைல். ஆக 160 மைல். நடுவில் உள்ள ஒரே ஊர் ரேச்சல். அங்கே பெட்ரோல் கிடையாது. வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று வரைபடம் பெரிதாகப் போட்டிருப்பது கைவிடப்பட்ட ஊர், அங்கே எதுவுமே கிடையாது. ஏரியா 51 பக்கம் போகும் குரூம் லேக் மண் சாலையில் எல்லைவரை போய்வந்தால் 28 மைல் கூடும், ரேச்சல் பக்கமுள்ள அத்தளத்தின் பின்வாசல்வரை போய்வந்தால் 20 மைல். எல்லாம் சேர்த்து 208 மைல். சாதாரண செடானுக்கு முழு டேங்கில் இது பொருட்டே அல்ல. பாதி டேங்கோடு போகும் பெரிய எஸ்.யு.வி.க்கு, ஏ.சி. ஓட, மேடு ஏற, இது ஆபத்தான தூரம். எனவே அலமோவில் முள் முக்கால் காட்டினாலும் நிரப்புங்கள். மின்சாரக் கார் இந்த 160 மைலுக்கு நல்ல தேர்வு அல்ல: மணிக்கு 70 மைல் வேகமும் ஏற்றங்களும் குளிரும் சேர்ந்து, ஒரு சார்ஜில் ஓடும் என்று நிறுவனம் சொல்லும் தூரத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும், வழியில் நம்பி நிற்க வேகமான சார்ஜரும் இல்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். 15-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் வடக்கே போய் 64-ஆம் எக்ஸிட்டில் இறங்கி 93-ஆம் சாலையைப் பிடித்தால், அலமோவரை வெட்டவெளி. அலமோவுக்குச் சற்று முன்னால் பரனகாட் வனவிலங்குப் புகலிடம் வரும். வறண்ட மண்ணுக்கு நடுவே திடீரென்று ஏரி, நாணல், நீர்ப்பறவைகள். பறக்கும் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் இருபது நிமிடம் நில்லுங்கள். அடுத்த இரண்டு நாளில் இவ்வளவு தண்ணீரை நீங்கள் பார்க்கப்போவதில்லை.

கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ் சந்திப்புக்கு அருகே ‘ஈ.டி. ஃபிரெஷ் ஜெர்க்கி’ என்ற கடை. உப்புக்கண்டம்தான் பிரதான வியாபாரம், சைவக்காரர்களுக்குக் கொட்டைகளும் உலர்பழங்களும் கிடைக்கும். கழிப்பறையைப் பயன்படுத்த நல்ல இடம். சற்றுத் தள்ளி ஹைக்கோவில் ‘ஏலியன் ரிசர்ச் சென்டர்’ இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆராய்ச்சி நிலையம் என்று நினைக்க வேண்டாம். அரைவட்டத் தகரக் கொட்டகைக்குள் ஒரு பரிசுப்பொருள் கடை, வாசலில் இரண்டு மாடி உயர வெள்ளி நிற வேற்றுக்கிரகவாசி. சிலையோடு எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். கடை திறந்திருக்கும் நேரம் மட்டும் நிலையானது அல்ல, அதை நம்பி நேரம் ஒதுக்காதீர்கள்.

நெவாடா அரசு 1996-இல் 375-ஆம் சாலைக்கு ‘எக்ஸ்ட்ராடெரஸ்ட்ரியல் ஹைவே’ என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் சூட்டியது. பச்சைப் பெயர்ப்பலகையில் எழுத்தே தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர்கள் ஒட்டிக் கிடக்கும். படம் எடுக்கும்போது காரைச் சாலையிலிருந்து முழுவதும் இறக்கி நிறுத்துங்கள். ஓரத்து மண் சில இடங்களில் மணலாக இளகியிருக்கும், சக்கரம் புதைந்தால் தள்ளிவிட ஆள் வர நேரமாகும். தார் ஓரத்தை ஒட்டி, கெட்டியாகத் தெரியும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

அங்கிருந்து ஹான்காக் கணவாய் ஏறி இறங்கியதும் டிக்கபூ பள்ளத்தாக்கு விரிகிறது. கண்ணுக்கெட்டியவரை ஜோஷுவா மரங்கள், நேர்கோடாக ஒரு சாலை, தூரத்தில் ஒரு மலைத்தொடர். அந்த மலைகளுக்கு அப்பால்தான் குரூம் ஏரி, அதாவது ஏரியா 51. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முழுப் பயணத்திலும் மிக அழகான காட்சி இதுதான் என்பது என் கணிப்பு. கடைகளையும் பொம்மைகளையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். இந்தப் பள்ளத்தாக்குக்கும் இதன் இரவு வானத்துக்கும்தான் இவ்வளவு தூரம் வருகிறோம்.

30-ஆம் மைல் கல்லைத் தாண்டியதும் ‘கறுப்புத் தபால்பெட்டி’ வரும். அது உண்மையில் உள்ளூர் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவருடைய தபால்பெட்டி. ஏரியா 51-க்கே தபால் போகும் பெட்டி என்று நம்பி, வந்தவர்கள் அவருடைய கடிதங்களைப் பிரித்தார்கள், வேற்றுக்கிரகவாசிகளுக்குக் கடிதம் போட்டார்கள். அவர் பூட்டுப் போட்ட கனமான வெள்ளைப் பெட்டி ஒன்றை மாற்றி வைத்தும் தொல்லை நிற்கவில்லை. இப்போது இருப்பது பயணிகளுக்கான நினைவுப் பெட்டிதான். அங்கிருந்து பிரியும் மண் சாலையும், அதற்கு முன்பே 35, 34-ஆம் மைல் கற்களுக்கு இடையே பிரியும் குரூம் லேக் சாலையும் ஒன்றாகச் சேர்ந்து எல்லைக்குப் போகின்றன. நேராகவும் அகலமாகவும் இருப்பது இரண்டாவது, போவதென்றால் அதில் போங்கள்.

போக வேண்டுமா என்பதற்கு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். முதலாவது, வாடகை ஒப்பந்தம். பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் தார் போடாத சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. சாலை காய்ந்திருந்தால் சாதாரண செடானே ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே டயர் கிழிந்தாலோ கார் நின்றாலோ காப்பீடும் சாலை உதவியும் கைவிரிக்கலாம், இழுவை வண்டிக்கான முழுச் செலவும் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டாவது, ஸ்டெப்னி. இப்போதைய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே இல்லை, பஞ்சர் அடைக்கும் திரவமும் ஒரு சிறிய பம்பும்தான் வைத்திருக்கிறார்கள். கூர்மையான சரளை டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் அந்தத் திரவத்தால் பயனில்லை. காரை எடுக்கும் இடத்திலேயே டிக்கியைத் திறந்து, முழு அளவு ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு கார் கேளுங்கள், அல்லது தார்ச் சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண் சாலையில் 25 முதல் 30 மைல் வேகம் போதும். சரளையில் பிரேக் பிடித்தால் கார் வழுக்கிக்கொண்டே போகும், திருப்பத்தில் பின்பக்கம் விலகும். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம், ஓடைகள் சாலையை அறுத்துக்கொண்டு ஓடும்.

குரூம் லேக் சாலையில் ஏறக்குறைய 14 மைல் போனதும் எல்லை. சினிமாவில் வருவதுபோலக் கோட்டை வாசலை எதிர்பார்க்காதீர்கள். எச்சரிக்கைப் பலகைகள், கண்காணிப்புக் கேமராக்கள், குன்றின் மேல் பெரும்பாலும் ஒரு பிக்கப் வண்டி, அவ்வளவுதான். அதில் இருப்பவர்கள் உங்களிடம் வந்து பேசமாட்டார்கள். நீங்களும் அவர்களை நோக்கிப் போகவேண்டாம். பலகை நிற்கும் இடம்தான் சட்டப்படி எல்லை, மொபைல் வரைபடம் காட்டும் கோடு அல்ல. ஜி.பி.எஸ். காட்டியது என்ற சமாதானம் எடுபடாது. பலகைக்குப் பல அடி முன்னாலேயே காரைத் திருப்பி, வந்த வழி பார்க்க நிறுத்துங்கள். எல்லைக்கு அப்பாலுள்ள இடத்தைப் படமெடுக்கக் கூடாது என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது, அதை அப்படியே கடைப்பிடியுங்கள். ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், அந்த வான்பரப்பே தடை செய்யப்பட்டது.

தாண்டினால் கைது, அபராதம், வழக்கு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விசாவில் வந்திருப்பவர்களுக்கு விளைவு அதோடு முடியாது. அடுத்த முறை அமெரிக்க விசாவுக்கு நிரப்பும் டி.எஸ். 160 படிவத்தில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா’ என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு புகைப்படத்துக்காக அதற்கு ‘ஆம்’ என்று எழுதும் நிலை வேண்டாம். 2019 செப்டம்பர் 20 அன்று ‘எல்லோரும் ஓடி உள்ளே நுழைவோம்’ என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வந்தபோது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வருவதாகச் சொன்னார்கள். நேரில் வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று ஆடிப்பாடிவிட்டுத் திரும்பினார்கள்.

டிக்கபூ சிகரத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். 1995-இல் ஃப்ரீடம் ரிட்ஜ், வைட் சைட்ஸ் என்ற இரண்டு குன்றுகளையும் அரசு மூடிய பிறகு, தளத்தைச் சட்டப்படி பார்க்கக்கூடிய மிக அருகிலுள்ள உயரம் இதுதான். ‘அருகில்’ என்றாலும் 26 மைல். அலமோ பக்கமிருந்து நீண்ட மண் சாலை, கடைசிப் பகுதிக்கு உயரமான வண்டி, பிறகு ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலாகச் சரியும் சரளையில் செங்குத்து ஏற்றம். தொலைநோக்கி இருந்தால்தான் கொட்டகைகளும் ஓடுபாதையும் தெரியும். வெயில் ஏறிவிட்டால் கானல் அலையில் அதுவும் கலைந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே மேலே இருக்க வேண்டும். வாடகை செடானில் மூன்று நாள் வருபவர்களுக்கு இது தேவையில்லை.

ரேச்சல், கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ் சந்திப்பிலிருந்து 40 மைல். சில டஜன் பேர் வாழும் இடம். அங்கே உள்ள ‘லிட்டில் ஏலி இன்’ உணவகமும் பாரும் தங்குமிடமும் ஒன்றாக அமைந்தது, 1980-களின் இறுதியிலிருந்து நடக்கிறது. வாசலில் இழுவை வண்டியில் தொங்கும் பறக்கும் தட்டு, உள்ளே சுவர் முழுக்கப் புகைப்படங்கள், கூரையெங்கும் வந்தவர்கள் கையெழுத்திட்டு ஒட்டிய டாலர் நோட்டுகள். பர்கர்தான் முக்கியச் சாப்பாடு. சைவம் என்றால் தேர்வு மிகக் குறைவு. அந்த இருவருக்கும் ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பழம், பொடி தடவிய இட்லி என்று லாஸ் வேகஸிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். சமையலறை முன்னிரவில் மூடிவிடும். அறைகள் மொபைல் ஹோம் வகை, குளியலறையைப் பக்கத்து அறையோடு பகிர வேண்டும். எளிமையானவை, எண்ணிக்கையும் குறைவு. வார இறுதி என்றால் பல வாரம் முன்பே போன் போட்டுப் பதிவு செய்யுங்கள். கையில் ரொக்கமும் வைத்திருங்கள்.

அறையின் வசதியைப் பார்த்துத் தயங்கி, அன்றே டோனோபாவுக்கு ஓடிவிடுபவர்கள் அதிகம். அது தவறான முடிவு. ஓர் இரவு ரேச்சலில் தங்காவிட்டால் இந்தப் பயணத்தின் பாதி போய்விடும். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பின்னாக நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த இருட்டில் பால்வெளி மண்டலம் மேகம்போலத் தெரியும். பொருட்களும் வானத்தில் நகரும். அவை எவை என்று முன்பே தெரிந்திருந்தால் பார்வை கூர்மையாகும்.

இங்கே கொஞ்சம் வரலாறு தேவை. 1955-இல் யு-2 உளவு விமானத்தைச் சோதிக்கத்தான் குரூம் ஏரித் தளம் தொடங்கப்பட்டது. அந்தக் காலப் பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில் பறந்தன. யு-2 பறந்தது 60,000 அடிக்கு மேல். மாலையில் கீழே உள்ள விமானிக்குச் சூரியன் மறைந்து இருட்டிவிடும், மேலே உள்ள யு-2-வின் வெள்ளி இறக்கையில் மட்டும் இன்னும் வெயில் அடிக்கும். அவ்வளவு உயரத்தில் விமானமே பறக்காது என்று எல்லோரும் நம்பிய காலம். விமானி பார்த்ததோ நெருப்பாக ஒளிரும் ஒரு பொருள். 1950-களின் இறுதியிலும் 60-களிலும் பதிவான பறக்கும் தட்டுத் தகவல்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்று ஆவணமே சொல்கிறது. ஏரியா 51 என்ற பெயரோடும் இடத்தோடும் அந்த ஆவணம் வெளியானது 2013 ஆகஸ்டில்தான். அதற்குமுன் 1989-இல் பாப் லாசர் என்பவர், அருகே எஸ்-4 என்ற இடத்தில் வேற்றுக்கிரக வாகனங்களில் வேலை செய்ததாக லாஸ் வேகஸ் தொலைக்காட்சியில் கூறினார். அவர் சொன்ன படிப்புக்கும் வேலைக்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் ரேச்சலுக்குக் கூட்டம் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்போது நீங்கள் பார்க்கக்கூடியவை: ஆரஞ்சு நிற விளக்குகள் வரிசையாகத் தோன்றி, மெதுவாக இறங்கி, ஒவ்வொன்றாக அணைந்தால் அவை பாராசூட்டில் இறங்கும் ஒளிக்குண்டுகள். நெல்லிஸ் விமானப்படைத் தளத்தின் ‘ரெட் ஃபிளாக்’ பயிற்சி நடக்கும் வாரங்களில் அடிக்கடி தெரியும். பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் முத்துமாலைபோல ஊர்ந்து, நடுவானில் மறைந்தால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். அவை பூமியின் நிழலுக்குள் நுழைவதால்தான் மறைகின்றன, யு-2 விஷயத்தில் நடந்த அதே வெயில் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று பெரிதாகிக்கொண்டே வரும் வெள்ளை ஒளி, உங்களை நோக்கி வரும் விமானத்தின் தரையிறங்கும் விளக்கு. லாஸ் வேகஸ் விமான நிலையத்திலிருந்து ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போகும் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை 737 விமானங்கள் இங்கே தினசரி வந்துபோகின்றன. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் விளங்காத ஒன்றைப் பார்த்தால் நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதை உடனே எழுதிவையுங்கள். நினைவு மறுநாளே மாறிவிடும்.

படமெடுக்க டிரைபாட் கட்டாயம். அகன்ற லென்ஸ், கையால் குவியம், 15 முதல் 20 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200. சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச் கொண்டுபோங்கள், வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அக்டோபர் இரவில் உடம்பு நடுங்கும் குளிர் இருக்கும். ரேச்சலே கடல்மட்டத்திலிருந்து 4,800 அடி உயரத்தில் இருப்பதால் பகலின் வெயிலைப் பார்த்து ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள்.

இரவில் கார் ஓட்டுவதை மட்டும் தவிருங்கள். சாலையோரம் வேலி கிடையாது, மாடுகள் தாராளமாகத் தார்மேல் வந்து படுக்கும். 70 மைல் வேகத்தில் ஒரு நொடிக்கு 31 மீட்டர் கடக்கிறீர்கள். டிம் லைட் 50, 60 மீட்டர்தான் காட்டும். கறுப்பு மாட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு நொடி முடிந்துவிடும். திறந்த மேய்ச்சல் நிலம் என்பதால் மாட்டின் சொந்தக்காரர்மேல் குற்றம் வராது, நஷ்டம் முழுவதும் உங்களுடையது. இரவு வானம் பார்க்க ஊருக்கு வெளியே போவதானால் 40 மைல் வேகத்தைத் தாண்டாமல், பகலிலேயே பார்த்துவைத்த இடத்துக்கு மட்டும் போங்கள்.

ஹைக்கோவைத் தாண்டினால் டோனோபாவரை மொபைல் சிக்னலை நம்ப முடியாது. லாஸ் வேகஸிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம், எப்படி என்று முன்பே ஒருமுறை பார்த்துவையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் நான்கைந்து லிட்டர் உபரி. கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுபவர்கள் கண்ணில் மனிதனைவிடக் கார்தான் முதலில் படும்.

இரண்டாம் நாள் ரேச்சலிலிருந்து டோனோபா 110 மைல். அங்கே பெட்ரோல், மளிகை, 1907-இல் கட்டிய மிஸ்பா ஹோட்டல் எல்லாம் உண்டு. 95-ஆம் சாலையில் தெற்கே திரும்பினால் பழைய தங்கச் சுரங்க ஊரான கோல்ட்ஃபீல்ட். அதன் வெளிப்புறத்தில் பழைய கார்களை மண்ணில் செங்குத்தாக நட்டு வண்ணம் தீட்டிய கலைக்கூடம் ஒன்று, அரை மணி நேரம் போதும். இரவுக்குப் பீட்டி. மூன்றாம் நாள் காலையில் பக்கத்திலுள்ள ரையலைட் என்ற பேய் ஊர். பிறகு 29 மைல் தெற்கே அமர்கோசா வேலியில் பச்சை வண்ணம் பூசிய ‘ஏரியா 51 ஏலியன் சென்டர்’: பெட்ரோலும் பரிசுப்பொருட்களும் கிடைக்கும். ரேச்சலில் வாங்கத் தவறிய டி-ஷர்ட்டுகளை இங்கே வாங்கிவிடலாம். அங்கிருந்து லாஸ் வேகஸ் ஒன்றரை மணி நேரம்.

ராஸ்வெல்லை வேறொரு பயணமாக, அல்புகர்க்கியில் இறங்கிப் போங்கள். 200 மைல். பழைய திரையரங்கில் இயங்கும் பறக்கும் தட்டு அருங்காட்சியகம், தட்டு வடிவ மெக்டொனால்ட்ஸ், கண் வரைந்த தெருவிளக்குகள் எல்லாம் ஒரே பிரதான வீதியில் நடந்தே பார்க்கலாம். 1947-இல் சிதறல்கள் கிடைத்த பண்ணை ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது, அங்கே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. அந்தச் சிதறல்கள் அணுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க விட்ட ‘மொகல்’ திட்டத்தின் பலூனுடையவை என்று விமானப்படை 1994-இல் அறிக்கை வெளியிட்டது. ஜூலை 4-ஐ ஒட்டித் திருவிழா நடக்கும், அந்த வாரம் அறை கிடைப்பது கடினம்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் உறவினர் இருந்தால் லாண்டர்ஸில் உள்ள ‘இன்டக்ரட்ரான்’ மரக் குவிமாடத்தையும் பட்டியலில் வையுங்கள். வெள்ளிக் கிரகத்தவர் சொல்லித்தந்த முறையில் கட்டுவதாகக் கூறி ஜார்ஜ் வான் டாசல் 1950-களில் தொடங்கினார். இப்போது அங்கே ஒலிக்குளியல் அமர்வுகள் நடக்கின்றன. முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற்றம்தான்.

பதிவு செய்யும் வரிசை: முதலில் அமாவாசைத் தேதி, அடுத்து ரேச்சல் அறை, அது உறுதியான பிறகு பீட்டி அறையும் காரும். ரேச்சலில் இடம் இல்லையென்றால் தேதியை ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால் அலமோவில் தங்கி, மறுநாள் விடியுமுன் பல் துலக்கிய கையோடு கிளம்புங்கள். டிக்கபூ பள்ளத்தாக்கில் சூரியன் எழுவதையாவது பார்த்துவிடலாம்.